பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஊரின் பெயரை எழுதமாட்டேன். ரத்தோட்டையைத் தாண்டியதும் பஸ் முக்கி முனகி ஏறுகிற மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர், அவ்வளவு போதும். என் கணவர் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். நான் சொல்லப்போகிற காரியத்தில் அவர் திணைக்களத்தின் சட்டத்தை மீறினாரா இல்லையா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. எதற்கு வம்பு?

அறுபதுகளின் ஆரம்பம். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மாத்தளை டவுனில் வாடகை வீடு. அவர் தபால் கந்தோரில் தந்தி அடிப்பவர். நான் மாதா கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெறாத ஆசிரியை. அந்த "பயிற்சி பெறாத" என்பதை ரெஜிஸ்டரில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். ஏழு வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பரிசோதகர் வந்தால் என் வகுப்பில்தான் அதிக நேரம் நிற்பார். பிள்ளைகள் டாண் டாணென்று பதில் சொன்னால், "இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்பார். நானில்லாமல் யார், சுவரிலிருக்கிற பல்லியா?

பயிற்சிக் கலாசாலைக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன். மூன்றாவது தடவை நேர்முகப் பரீட்சை வரைக்கும் போனேன். பிறகு, "இடம் காலியானால் அறிவிக்கப்படும்" என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் எனக்கு வயதெல்லை தாண்டிவிடும். இது கிடைக்காவிட்டால் வேலையை விடுகிற நாள்வரைக்கும் சிவப்பு மைதான். கலாசாலை இருந்தது கிழக்கே, மட்டக்களப்புப் பக்கம். இரண்டு வருஷம் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். தவணை லீவுக்குத்தான் வீட்டுக்கு வரலாம். விண்ணப்பத்தை என்னோடு உட்கார்ந்து அழகான கையெழுத்தில் நிரப்பித் தந்தவர் அவர்தான். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் பாதிப் பைத்தியம் ஆகிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தபால் கந்தோருக்குப் போவேன். உள்ளேயிருந்து என்னைக் கண்டதும் அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுவார். ஐந்து மாதம் இப்படி. கலாசாலையில் வகுப்புத் தொடங்கி ஒரு வாரம் ஆனது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டியைப் போட்டு உடைத்தேன். தற்செயலாக இல்லை.

அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "லீவு போடுவோம். நாலு நாளைக்கு எங்கயாவது மலைப்பக்கம் போயிட்டு வருவோம். நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"ஒரு கண்டிஷன்" என்றேன். "நாலு நாளும் தபால், தந்தி, கலாசாலை, இந்த மூணு சொல்லும் உங்க வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு நான் கீழ இறங்கிருவேன்."

"அந்தோனியார் மேல சத்தியம்" என்றார்.

அவர் சத்தியம் செய்தால் செய்ததுதான். தந்திக்காரர்கள் வேலைக்குச் சேரும்போது, காதில் விழுகிற செய்தியை வெளியே சொல்லமாட்டேன் என்று அரசாங்கத்துக்குச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் அதை எவ்வளவு மதித்தார்களோ எனக்குத் தெரியாது. இவர் ஒரு தரம் தன் சொந்தத் தாய்மாமன் இறந்த தந்தியைத் தன் கையாலேயே எடுத்து எழுதினார். உறையில் போட்டு ஒட்டிப் பியூனிடம் கொடுத்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து, பியூன் கொண்டுவந்து தந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்துப் படித்துவிட்டு அழுதார். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேராகப் போகிற முதல் பயணம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரத்தோட்டை வரைக்கும் ஜன்னலோரம் அவர், அதற்குப் பிறகு நான் என்று பேசியிருந்தோம். நான் உக்குவளைப் பாதை பிரிவதற்கு முன்பே ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. மிளகுக் கொடி போய்த் தேயிலை வந்தது. ஏலக்காய்ச் சாக்கு ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்து ஒதுங்கி நின்றபோது பஸ் முழுக்க மணத்தது. "ஐயோ, எவ்வளவு நல்லா இருக்கு" என்று நான் உரக்கச் சொல்லிவிட, முன் சீட்டிலிருந்த தோட்டத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

நாங்கள் தங்கப்போன இடம் ஒரு சில்லறைக் கடையின் பக்கத்து அறை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். மாத்தளைக்குச் சாமான் எடுக்க வருகிறபோது என் கணவருக்குப் பழக்கமானவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கடை நானா. போய் இறங்கியபோது மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நானாவின் வீட்டம்மா அனுப்பிய சுடுதண்ணீரில் முகம் கழுவி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்து, இரண்டு கம்பளிக்குள் புகுந்து தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அந்த ஐந்து மாதத்தில் நான் தூங்கவில்லை.

காலையில் பனி விலகியிருந்தது. கதவைத் திறந்தேன். மலை பச்சையாகத் தலைக்கு மேலே நின்றது. எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. அப்படியே இந்தப் பக்கம் திரும்பினேன். எங்கள் அறையின் சுவரோடு ஒட்டி, ஒரே கூரைக்குக் கீழே, சிவப்புத் தபால் பெட்டியும் பெயர்ப்பலகையுமாக ஊரின் உப தபால் கந்தோர்!

உள்ளே போய் அவர் கம்பளியை உருவினேன். "எழும்புங்க. எந்திருச்சு வந்து பாருங்க உங்க லட்சணத்தை."

அவர் வந்து பார்த்தார். தனக்குத் தெரியவே தெரியாது, நானா அறை இருக்கிறது என்றுதான் சொன்னாரே தவிர பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை என்று தலையிலடித்துக்கொண்டார். "பக்கத்துல என்னான்னு நீங்க கேட்கலியேங்க, ஐயா" என்றார் நானா. எனக்குக் கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்துவிட்டது. வேறு அறை அந்த ஊரில் கிடையாது. ஆகவே கண்டிஷனை இன்னும் இறுக்கினேன். அந்தக் கந்தோர்ப் படியில் இரண்டு பேரும் கால் வைக்கக்கூடாது. தானும் தந்திக்காரன் என்று அந்தப் போஸ்ட்மாஸ்டரிடம் போய் உறவு கொண்டாடக்கூடாது. அவர் சரி என்றார்.

போஸ்ட்மாஸ்டர் ஒரு சிங்கள இளைஞர், புதிதாக வந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றவர் எங்களுக்குத் தலையசைத்தார். நாங்களும் அசைத்தோம். எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் நானா கடையைப் பூட்டிவிட்டுக் கீழே பள்ளிவாசலுக்குத் தொழப் போனார். கடைத்தெரு ஓய்ந்துவிட்டது. கத்தோலிக்கர்களான எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. நானா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கருவாடும் வந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தந்தி யந்திரம் பேசத் தொடங்கியது. அதன் பக்கத்தில் ஒரு வெறும் சிகரட் டின்னைச் செருகி வைப்பார்கள், சத்தம் கணீரென்று கேட்பதற்கு. எனக்கு அது வெறும் கட கட கட. அவர் கை சோற்றோடு நடுவழியில் நின்றுவிட்டது.

"முள்ளா?" என்றேன்.

"ம்" என்றார்.

முள்ளில்லை. அவர் பின்னால் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்றைய கூத்து உங்களுக்குப் புரியாது. மாத்தளையிலிருந்து அடித்தவர் அவருடைய கூட்டாளி. அடிக்கிற விதத்தை வைத்தே ஆளைக் கண்டுகொண்டார். கலாசாலையிலிருந்து எனக்கு வந்த தந்தியை, நாங்கள் போன ஊர் மட்டும் தெரிந்த கூட்டாளி இங்கே திருப்பி அனுப்பினார். தங்குமிடம் தெரியாததால், "கந்தோரில் வைத்திருக்கவும், உரியவர் வந்து கேட்டால் கொடுக்கவும்" என்று சேர்த்து அனுப்பினார். ஒரு இடம் காலியாகியிருந்தது. சம்மதத்தை இன்றைக்கே தந்தியில் தெரிவிக்கவேண்டும், திங்கட்கிழமை வந்து சேரவேண்டும். தந்தி வந்தது என் சான்றிதழிலுள்ள பெயருக்கு, அதாவது என் அப்பா பெயரோடு சேர்ந்த பழைய பெயருக்கு. அந்தப் பெயர்க்காரி சுவருக்கு இந்தப் பக்கம் கருவாடு தின்றுகொண்டிருக்கிறாள் என்று போஸ்ட்மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? தந்தி வேலை ஐந்து மணியோடு முடியும்.

ஒருவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தால் அரசாங்கத்துக்குச் செய்த சத்தியம் போச்சு. "தபால் கந்தோருக்குப் போ" என்று மட்டும் சொன்னால் எனக்குச் செய்தது போச்சு.

கையைக் கழுவிவிட்டு வந்து, "வா, அப்படியே பக்கத்துல போயிட்டு வரலாம்" என்றார்.

"பக்கத்துல எங்க?"

"பக்கத்துல."

"பக்கத்துல என்ன இருக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "உன் தங்கச்சிக்கு ரெண்டு வரி எழுதலாமே" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது, ஆனால் தப்பாகத் தட்டியது. மனுஷனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கை நமநமக்கிறது, உள்ளே போய் அந்தப் போஸ்ட்மாஸ்டரோடு கதையளக்க என்னைச் சாக்காக்குகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள்ளா? "நாளைக்கழிச்சு நேர்லயே பேசிக்கிறேன் அவகூட" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன். "வாங்க, நானா சொன்ன ஓடையைப் பார்க்கப் போவோம்."

அவர் என் பின்னால் வந்தார். மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குள்ளே ஒற்றையடிப் பாதை. நிழலும் ஈரமுமாகக் குளிர்ந்து கிடந்தது. எனக்குக் கொண்டாட்டம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல ஏறினேன். அட்டை கடித்தது, அதற்கும் சிரித்தேன். ஓடைக்கு நடுவே பரந்த பாறை ஒன்று இருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. அதில் மல்லாந்து படுத்தேன். வானம் மரக்கிளைகளுக்குள்ளே துண்டு துண்டாகத் தெரிந்தது. கலாசாலையை மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி மறந்தும் இருந்தேன்.

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"வயித்துக்கு என்னமும் செய்யுதா?"

"இல்ல. கீழ போகலாமா?"

"ஓய்வெடுக்கத்தானே வந்தோம்? எடுங்க."

"எடுத்தாச்சு" என்றார்.

கீழே கடைத்தெருவில் எடை பார்க்கும் யந்திரம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் எடை பார்க்கலாம் என்றார். எங்கே இருக்கிறது என்றேன். பார்சல் நிறுக்கிற இடத்தில் என்றார். சே, என்ன பிடிவாதம்! எனக்கும் பிடிவாதம் இருக்கிறது என்று காட்டவேண்டாமா? கண்ணை மூடிப் படுத்துவிட்டேன். அவர் பாறையைச் சுற்றிச் சுற்றி நடக்கிற சத்தம் கேட்டது. மணி மூன்றேகால் என்றார், நான் கேட்காமலே. பிறகு மூன்றரை என்றார். நான் ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன். அந்தத் தூக்கத்தை இப்போது நினைத்தாலும் என் நெஞ்சு பதறுகிறது.

மழைதான் எங்களை அங்கிருந்து கிளப்பியது, அந்தோனியார் அனுப்பிய மழை என்பார் அவர். குடைக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு இறங்கினோம். இறங்கினோம் என்ன, அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். "வழுக்கும், மெதுவா, மெதுவா" என்று நான் கத்த, அவர் காதிலேயே வாங்கவில்லை. கடைத்தெருவுக்கு வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து. எங்கள் அறைக்குத் திரும்பினேன். அவர் தபால் கந்தோர் வாசலில் நின்றுவிட்டார். முகமெல்லாம் தண்ணீர்.

"இங்க வா" என்றார். "உனக்குக் குடுத்த வாக்கை மீறப்போறேன். தபால் கந்தோர். சொல்லிட்டேன். உள்ள போ. போய் உன் பேரைச் சொல்லிக் கேளு. பழைய பேரை."

எனக்கு ஒரு கணம் கண் சிவந்தது. "ஓகோ, கவர்மெண்டுக்குக் குடுத்த வாக்கு பெருசு, பெண்டாட்டிக்குக் குடுத்தது சும்மாவா?" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினேன். பழைய பெயர் என்றாரே? அந்தப் பெயரில் எனக்கு எழுத உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மத்தியானம் நின்றுபோன கை, கடிகாரம், ஓட்டம், எல்லாம் ஒன்றாக என் தலைக்குள் விழுந்தது.

"என்னா வந்திருக்கு? நல்லதா, கெட்டதா? தலையையாவது ஆட்டுங்க."

ஆட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மாமா இறந்த தந்தியை வாங்க வாசலில் உட்கார்ந்திருந்தபோது இருந்த அதே முகம். கெட்டதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். இடமில்லை என்று கடைசியாக அறிவித்துவிட்டார்கள். சரி, அதையும் நின்றுகொண்டே வாங்குவோம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறினேன்.

போஸ்ட்மாஸ்டரிடம் என் பழைய பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, தகப்பன் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டு, மாத்தளையில் எந்தத் தெரு என்று கேட்டு, பொறுமையாக உறையை எடுத்து வைத்தார். பிரித்தேன். இரண்டு வரி. ஒரு தரம் படித்தேன், மறுபடி படித்தேன். பிறகு நான் போட்ட சத்தத்துக்கு நானா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கே பதில் அனுப்பணுமா? இன்னும் நேரம் இருக்கா?"

"பதினாலு நிமிஷம் இருக்கு, மிஸ்" என்றார் போஸ்ட்மாஸ்டர் தமிழில். அவரும் சிரித்தார். படிவத்தைத் தள்ளினார். நான் எழுதினேன். கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பிள்ளைகள் அப்படி எழுதினால் அடித்திருப்பேன். அவர் வாங்கிச் சொற்களை எண்ணிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். யந்திரம் தட்டத் தொடங்கியது.

அப்போதுதான் திரும்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். குதித்துக்கொண்டு வருவார், தோளைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடுத்தெருவில் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி தலையைச் சாய்த்து நின்றார். என் சம்மதம் எழுத்து எழுத்தாக அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசி எழுத்து முடிந்ததும் ஒரு தரம் தலையசைத்தார். பிறகு கடைப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பையன் சுத்தமா அடிக்கிறான்" என்றார். "ஒரு பிழை இல்ல."

"எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

"பன்னண்டரை."

பன்னிரண்டரை. அதிலிருந்து நாலு மணி நேரம் அவர் என்னை அந்தப் படிக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், நான் ஒவ்வொரு தரமும் கையை உதறியிருக்கிறேன். பாறையில் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருந்தால் போதும். ஐந்து மணி தானாக வந்திருக்கும். அதற்குப் பிறகு என்றைக்கு அந்த உறை என் கைக்கு வந்தாலும், அரசாங்கச் சத்தியம், வாய் திறக்க முடியவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டேன். மாத்தளையில், அதே வீட்டில், அவரோடேயே இருந்திருப்பேன்.

"சும்மா இருந்திருந்தா நான் எங்கயும் போயிருக்கமாட்டேனே. அது தெரியலியா உங்களுக்கு?"

"தெரியாமலா அந்த ஓட்டம் ஓடினேன்?" என்றார்.

கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது. நான் அவர் தோளில் தலையை வைத்தேன். யார் பார்த்தால் என்ன? எனக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, அழுகையும் அடங்கவில்லை. மாத்தளைக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. பெட்டி கட்டவேண்டும், நானாவிடம் சொல்லவேண்டும், திங்கட்கிழமைக்குள் எத்தனையோ வேலை இருந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.